முதல் பேரு யாரு பேரு, மாப்ள?

மாப்ள, மூணு காலேஜ் சேர்ந்து கூட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதப்போறீகளாமே, உங்க அம்மா சொன்னா. என்னத்த ஆராயுறதுங்கிறது இன்னும் முடிவாகலையாம். தலைமை ஆய்வாளர் யாருங்கிற சண்டை மட்டும் சூடு பிடிச்சிருச்சாம். ரொம்ப நல்லது. முறையாத்தான் ஆரம்பிச்சிருக்கீக.

நான் படிச்சது எஸ்.எஸ்.எல்.சி. காலம் தள்ளுனது புராஜெக்ட் செக்‌ஷன்ல. எந்த விஞ்ஞானி என்ன கண்டுபிடிச்சாகன்னு எனக்குத் தெரியாது. எந்த வவுச்சர்ல கையெழுத்துப் போட மறந்தாகங்கிறது நல்லாவே தெரியும். அந்த ஒரு தகுதியில நாலு யோசனை சொல்றேன். பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்கலைன்னா வழக்கம்போல எடுத்துக்காத.

முதல்ல, உங்க துறையிலயே வயசுல மூத்தவரா, ரிட்டயர் ஆகப்போறவரா ஒருத்தரப் பிடி. அவர் பேரைத் தலைமை ஆய்வாளர்னு, அதான் பி.ஐ.ன்னு, மேல போடு. நரைச்ச தலைக்கு ஒரு மரியாதை உண்டுல்ல? விண்ணப்பம் போகும், கமிட்டி கூடும், திருத்தம் கேக்கும், அனுமதி வரும். அனுமதிக் கடிதமும் அவரோட பிரிவு உபசார அழைப்பிதழும் ஒரே தபால்ல வந்தா உனக்கு யோகம்தான். கூட்டுக் கிணத்து மோட்டார் கனெக்‌ஷன் செத்துப்போன தாத்தா பேர்ல கிடந்து, பேர் மாத்தப் பங்காளிக எல்லாரும் மின்வாரிய ஆபீஸ்ல கால்கடுக்க நின்னது ஞாபகம் இருக்கா? அதே வரிசையில நீயும் நிக்கலாம். அதுக்குத்தான் பல திட்டங்கள்ல பி.ஐ.க்கு நிரந்தரப் பதவி இருக்கணும், புராஜெக்ட் முடியற வரைக்கும் சர்வீஸ் இருக்கான்னு காட்டணும்னு கேக்குறாக. நடுவுல அவர் போயிட்டா எடுத்து நடத்த அதே நிறுவனத்துல ஒரு கோ-பி.ஐ., அதான் இணை ஆய்வாளர், இருந்தா நல்லதுன்னு சொல்றதும் அதுக்குத்தான். இதையெல்லாம் படிச்சுக் கெட்டுப்போகாத.

ரெண்டாவது, விண்ணப்பத்தை எழுதுறதுக்கு உங்க கௌரவ விரிவுரையாளர் பையனக் கூப்பிடு. ராவும் பகலும் உக்காந்து எழுதுவான். முந்தைய ஆய்வுகள், செய்முறை, பட்ஜெட் எல்லாம் அவன் கை வண்ணம். பி.ஐ. கட்டத்துல மட்டும் அவன் பேர் வராது. நிரந்தரப் பதவி இல்லையே! கோ-பி.ஐ. கட்டத்துலயும் அதே கதைதான். பேர்லயே கௌரவத்தக் குடுத்திட்டோமே, இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு? பி.டி.எஃப்.ல ஃபைல் பேர் வைக்கிற உரிமையை அவனுக்கே விட்டுரு.

மூணாவது, வெளிநாட்டுக் கூட்டாளி. 2018-ல மத்திய அரசு ஆரம்பிச்ச ஸ்பார்க் திட்டம் தெரியும்ல? கரக்பூர் ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்குது. இந்தப் பக்கம் ஒரு பி.ஐ., கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பி.ஐ. ஆரம்பிச்சப்பவே ஒரு விதி போட்டாக: இங்க இருக்கிற நிறுவனம் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியல்ல முதல் 100-க்குள்ள இருக்கணும். ரேங்க் உன் மூளைக்கு இல்ல மாப்ள, உன் காலேஜ் கேட்டுக்கு. கேட்டு சரியில்லைன்னா உள்ள இருக்கிற ஆளப் பத்தி யாரும் கேக்கமாட்டாக. அதனால ராத்திரி பகலா எழுதிமுடிச்சு, கடைசி நாள்ல தகுதிப் பக்கத்தைப் படி. திகிலா இருக்கும்.

அமெரிக்காக்காரனும் இதே சண்டையப் பாத்தவன்தான். அவுக சுகாதார ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கிற என்.ஐ.எச்.ல 2007 வரைக்கும் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே பி.ஐ.தான். அப்புறம் பல பேர் இருக்கலாம்னு விட்டுட்டாக. ஆனா இலவசமாவா விட்டாக? ஒருத்தர் ‘தொடர்பு பி.ஐ.’யா இருக்கணும், கடிதம் அவருக்குத்தான் வரும், மத்தபடி அவருக்குக் கொம்பு கிடையாது. யார் என்ன முடிவெடுப்பாக, சண்டை வந்தா எப்படித் தீத்துக்குவாகன்னு தலைமைத் திட்டம் ஒண்ணு விண்ணப்பத்தோடயே எழுதித் தரணும். பாத்தியா கெட்டிக்காரத்தனத்த! நாம சண்டை போட்டுத் தீந்தப்புறம் எழுதுறத, அவன் காபி குடிக்கிறப்பவே எழுதி வாங்கிக்கிறான். கோ-பி.ஐ.ங்கிற பதவியவே என்.ஐ.எச். ஒத்துக்கிறதில்ல. அங்கயே ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கிற இன்னொரு ஆபீஸ், என்.எஸ்.எஃப்., அந்தப் பேர வச்சிருக்கு; ஆனா பி.ஐ.ன்னாலும் கோ-பி.ஐ.ன்னாலும் அறிவுல ஏத்த இறக்கம் பாக்கமாட்டோம்னு வெளிப்படையாவே சொல்லிருச்சு. இத உங்க துறைத்தலைவர் காதுல போட்டுராத, மனுசனுக்குத் தூக்கம் வராது.

இன்னொண்ணு கேளு. பட்டம் வாங்கி 10 வருஷம் தாண்டாத, பெரிய கிராண்ட் எதுவும் கைக்கு வராத இளசுகளுக்கு என்.ஐ.எச். தனிக் கரிசனம் காட்டுது. ஆனா விண்ணப்பத்துல இருக்கிற அத்தனை பி.ஐ.யும் இளசா இருந்தாத்தான் அந்தச் சலுகை. பலத்துக்கு ஒரு பெரியவர் இருக்கட்டுமேன்னு பி.ஐ. கட்டத்துல சேத்தியோ, சலுகை போச்சு. பெரிய பேருக்கும் ஒரு விலை உண்டு. அத நாமதான் குடுக்கணும்.

ஐரோப்பாவுல ‘சினர்ஜி’ன்னு ஒரு கிராண்ட். பி.ஐ. ரெண்டு பேருக்குக் குறையக்கூடாது, நாலு பேருக்கு மிஞ்சக்கூடாது. 6 வருஷத்துக்கு 1 கோடி யூரோ வரைக்கும் கிடைக்கும். அவுக கேக்குற முக்கியமான கேள்வி: நீங்க தனித்தனியா இதச் செய்யமுடியாதா, எதுக்குச் சேந்தீக? இந்தக் கேள்விய உங்க மூணு காலேஜ்கிட்ட கேட்டா என்ன சொல்லுவீக? ஒரே பஸ்ல கான்ஃபரன்ஸ் போயிட்டு வந்தோம்னா?

சரி, கேலி போதும். பி.ஐ.யோட வேலை என்னன்னு எங்க ஜன்னல் பக்கம் இருந்து சொல்றேன். பணம் பி.ஐ. கைக்கு வராது, நிறுவனத்துக்கு வரும். பதில் சொல்றது மட்டும் பி.ஐ. வருஷம் முடிஞ்சதும் யூ.சி., அதான் பயன்பாட்டுச் சான்றிதழ், குடுக்கணும். முன்ன அந்தப் படிவத்துக்கு 19-ஏன்னு பேரு, 2017 நிதி விதிகளுக்கு அப்புறம் 12-ஏ. நம்பர்தான் குறைஞ்சுச்சு, நோக்காடு குறையல. பணம் குடுக்கிற ஆபீஸும் அப்படித்தான்: 2008 சட்டத்துல வந்த செர்ப், 2023 சட்டத்துல அனுசந்தான் அறக்கட்டளைக்குள்ள போயிருச்சு, பேர் மாறினாலும் யூ.சி. மாறல. செலவழிச்சது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, வந்த வட்டி எவ்வளவுன்னு கட்டம் கட்டமா நிரப்பணும். ஒரு கட்டம் தப்புனா ஃபைல் திரும்பும். ஃபைல் திரும்புனா அடுத்த தவணை நிக்கும். தவணை நின்னா முதல்ல அடிபடுறது பி.ஐ. இல்ல, ஜே.ஆர்.எஃப்.னு சொல்ற இளநிலை ஆராய்ச்சிப் பிள்ளைக.

எங்க ஜன்னலுக்கு ஒரு பொண்ணு வரும். 2023-ல ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 37,000 ரூபாயா ஏறுச்சுன்னு எல்லாரும் கைதட்டுனாகளே, அந்தப் பொண்ணுக்கு அது காகிதத்துலதான் ஏறுச்சு. ஹாஸ்டல் மெஸ் சீட்டக் கையில சுருட்டி வச்சிக்கிட்டு, “சார், யூ.சி. போயிருச்சா?”ன்னு கேக்கும். யூ.சி. பி.ஐ.யோட மேசை மேலேயே இருக்கும். பி.ஐ. டெல்லியில தலைமைப் பண்பு பத்தி உரையாத்திக்கிட்டு இருப்பாரு. பேரு பெருசு, ஆளு மேசைக்கு வர்றதுதான் அபூர்வம்.

அதனால மாப்ள, யாரு பெரியவுகன்னு பாக்காத, கடைசி யூ.சி.யில கையெழுத்துப் போட யாரு இருப்பாகன்னு பாரு. சர்வீஸ் மிச்சம் இருக்கணும், ஃபைனான்ஸ் ஆபீஸ் படி ஏறச் சலிக்கக்கூடாது, மத்த ரெண்டு காலேஜும் போன் பண்ணா எடுக்கணும். அந்த ஆள் நீயா இருந்தா கூச்சப்படாம உன் பேரப் போடு. மிஷின் எந்தக் காலேஜ்ல நிக்கும், கட்டுரையில யார் பேர் முதல்ல வரும், ஒருத்தர் மாறிப்போனா அவர் பங்க யார் செய்வாகன்னு ஒரு தாள்ல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. எழுதிக் குடுத்த அந்தப் பையனுக்கு நிரந்தரப் பதவி வாங்கித்தர உன்னால முடியாது. கட்டுரையில பேரப் போட முடியும். அதையாவது செய்.

பெரியவர் கோவிச்சுக்குவாரேன்னு பயப்படுறியா? ஆலோசகர்னு போடு. தொடக்க விழாவுல நடு நாற்காலி அவருக்கு, சால்வை அவருக்கு, ஒரு மணி நேரப் பேச்சும் அவருக்கு. கையெழுத்து மட்டும் உனக்கு. அந்தச் சால்வைய மட்டும் புராஜெக்ட் பணத்துல வாங்கிறாத, ஆடிட்ல எந்தத் தலைப்புன்னு கேப்பான்.