தன்னார்வப் பெற்றோரும் எண்வகை விடையும்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. காலம்: ஆண்டு விழாவுக்கு முந்தைய மூன்று வாரம். ஆய்வாளர்: அக்குழுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு தகப்பன். பள்ளியின் பெயரைச் சொல்வதற்கில்லை. பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறது.

1. தோற்றம்

கல்வி உரிமைச் சட்டமும் வாட்ஸ்அப்பும் 2009-இல் பிறந்த சம வயதுக்காரர்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றது சட்டம். அரசுப் பள்ளியில் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பணி. உதவிபெறாத தனியார் பள்ளிக்கு அந்த விதி இல்லை. எனவே எங்களுக்கு வாய்த்தது வாட்ஸ்அப் குழு. அங்கே கணக்குப் பார்ப்பார்கள். இங்கே தர்மாகோல் வெட்டுவோம்.

2. வினா இயல்

பவணந்தியாரின் நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. இரவு ஒன்பதரைக்கு க்ளாஸ் மிஸ் கேட்டார்: “டியர் பேரண்ட்ஸ், சனிக்கிழமை மேடை அலங்காரத்துக்கு யார் யார் வர்றீங்க?” மேலுக்கு இது அறியா வினா. உள்ளே ஏவல் வினா. ‘வர முடியுமா’ என்று கேளாமல் ‘யார் யார்’ என்று கேட்டிருப்பதை நோக்குக. தன்னார்வம் என்ற சொல்லில் ‘தன்’ என்பது கேட்பவரைக் குறிக்கும் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

3. விடை இயல்

விடை எட்டு வகை. பத்து நிமிடத்தில் ஏழு கிடைத்தன.

சுட்டு: “போன வருஷம் செஞ்சவங்க குரூப்லதான் இருக்காங்க மிஸ்.”
நேர்: “நான் வரேன் மிஸ்.” (மூன்று ஆண்டுகளாக ஒரே அம்மா.)
ஏவல்: “நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க மிஸ்.”
வினா எதிர்வினாதல்: “கண்டிப்பா வரணுமா மிஸ்?”
உற்றது உரைத்தல்: “இடுப்பு பிடிச்சிருக்கு மிஸ்.”
உறுவது கூறல்: “பெயின்ட் வாடைக்கு எனக்கு மூச்சு இழுக்கும்.”
இனமொழி: “மேடைக்கு வரலை, தர்மாகோல் வேணா வாங்கித் தர்றேன்.”

கடைசியாகச் சொன்னவர் இவ்வாய்வாளர். தப்பித்ததாகவே நினைத்தார். சனிக்கிழமை காலை நான்கு அட்டைகளைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனபோது, மேம்பாலத்துக் காற்றில் ஒன்று கழன்று பின்னால் வந்த ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. “வந்ததுதான் வந்தீங்க, வெட்டியும் குடுத்துடுங்க சார்” என்றார்கள் பள்ளியில். அவை இமயமலை நடனத்துக்கு ஆன பனிச் சிகரங்கள். வெள்ளை மணிகள் சட்டையிலும் காது மடலிலும் ஒட்டின; தட்டத் தட்டக் கைக்கு மாறின. திங்கட்கிழமை அலுவலகத்தில், “எங்கே சார், மணாலியா?” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

விளையாட்டுத் துறையிலும் இதே முடிவு. கிரிக்கெட் அணியை ஜோனல் மேட்சுக்கு அழைத்துப்போகக் கேட்ட பிடி சாரிடம், “கார் சர்வீஸ்ல இருக்கு” என்றார் ஒரு தகப்பனார். “எப்ப சார் வரும்?” என்றார் பிடி சார். முடியாது என்பதைக் குறிப்பால் சொல்லும் விடைகளின் குறை இதுதான். காரணம் சொன்னால் அதற்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. இடுப்பு சரியாகிவிடும், கார் வந்துவிடும்.

4. எட்டாம் விடை

எஞ்சியது மறை விடை, அதாவது நேராக மறுப்பது. அது வழக்கொழிந்தது என்று எழுதவிருந்த வேளையில், வேறொரு நாள் இரவு, நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர் குழுவில் எழுதினார்: “இந்த வருஷம் ஒரு நாள்தான் வருவேன் மிஸ். ஸ்போர்ட்ஸ் டேக்கு வரேன். மத்ததுக்கு முடியாது.”

காரணம் இல்லை. கைகூப்பும் பொம்மை இல்லை. குழு பதினொரு நிமிடம் மூச்சுவிடவில்லை. பிறகு மிஸ் பதில் போட்டார்: “ஓகே மா, புரியுது. நானும் இன்னும் ஸ்கூல்லதான் இருக்கேன்.”

மணி அப்போது ஒன்பதே முக்கால். ஏவல் வினா மேலிருந்தே வருகிறது என்பதும், மிஸ்ஸும் ஒரு ‘தன்னார்வலர்’ என்பதும் அப்போதுதான் விளங்கின. அந்த இரவே மேலும் நான்கு பேர் தத்தம் ஒரு நாளை எழுதினார்கள். ஆண்டு விழாவும் நடந்தது. பனிச் சிகரம் நான்குக்கு மூன்றாகக் குறைந்ததை எந்தப் பிள்ளையும் கவனிக்கவில்லை.

5. முடிபு

பெற்றோரே, பள்ளி திறந்த வாரமே எழுதிவிடுங்கள்: எந்த நாள் முடியும் என்பதை முதலில், முடியாது என்பதை அடுத்து. காரணத்தை மட்டும் எழுதாதீர்கள்.