ஏழாவது மிதி

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் பக்கம் நடந்தால் ஜாவா, பைத்தான், டெஸ்டிங் என்று சுவர் தெரியாமல் பிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். இங்கே கற்றுத்தராத வித்தை இல்லை, கார்புரேட்டர் வண்டியைக் காலையில் கிளப்புவதைத் தவிர. அந்த வகுப்பு எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மார்கழி முழுக்க ஆறரை மணிக்கு இலவசமாக நடக்கும். நடத்துபவர் நம்மவர். மதுரைப் பக்கத்துக்காரர், இங்கே ஆபீஸில் 35 வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதி ரிட்டயரானவர்.

வண்டி 1996 மாடல் மாருதி ஜென். 1993-இல் ஜென் வந்த புதிதில் பெயருக்கு 'ஜீரோ இன்ஜின் நாய்ஸ்' என்று விரிவு சொல்வார்கள். பார்க்கிங்குக்கு நேர் மேலே முதல் மாடியில் தூங்க முயலும் எனக்கு அந்த விரிவில் சில சந்தேகங்கள் உண்டு. நம்பர் பிளேட்டில் இன்னும் ஏபி 09தான். மாநிலம் பிரிந்து டிஎஸ் வந்தது, 2024-இல் அதுவும் டிஜி ஆனது. ஜென் அசையவில்லை. அசையாமல் நிற்பதில் அதற்கு நல்ல பழக்கம்.

இதற்கு முன் பத்மினி கார் வைத்திருந்தார். அதில் சோக் குமிழைக் கையால் இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பதெல்லாம் ஓட்டுபவரின் கைப்பக்குவம். ஜென்னில் ஆட்டோ சோக். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, காற்றைக் குறைத்தால்தான் பற்றும். ஆக்சிலேட்டரை ஒரே ஒரு தரம் அடிவரை மிதித்து விட்டால் போதும், கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகடு மூடிக்கொள்ளும். காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான். இன்ஜின் சூடேறினால் சில வண்டிகளில் ஒரு சுருள் நெகிழும், சிலவற்றில் மெழுகு விரியும். தகடு தானே திறக்கும். மனுஷன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

ஒன்றும் செய்யாமல் இருப்பது நம்மவரால் ஆகிற காரியமா? பேருக்கேற்ற வண்டிதான், ஓட்டுபவர்தான் ஜென் துறவி இல்லை.

முதல் மிதி விதிப்படி. இரண்டாவது, முதல் மிதி பதிந்ததா என்ற சந்தேகத்துக்கு. மூன்றாவதிலிருந்து கோபம். ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஒரு பீய்ச்சு பெட்ரோல் விழும். ஏழாவதுக்குள் வாசனை என் ஜன்னலுக்கு வந்துவிடும். செல்ஃப் "ங்ஙே ங்ஙே" என்று பசித்த குழந்தை மாதிரி அழும். வாட்ச்மேன் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு, "ஆகண்டி சார், ஆகண்டி" என்பான். தெலுங்கில் அதற்குப் பொறுங்கள் என்று அர்த்தம். ஆட்டோ சோக்கின் மொத்த சாஸ்திரமும் அந்த ஒரு வார்த்தைதான். நம்மவரோ தெலுங்கைக் காய்கறிக் கடைக்கு மட்டும் வைத்திருக்கிறார்.

"ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு. எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல்!" என்பார் இறங்கி நின்று. எத்தனால் குளிரில் ஆவியாகத் தயங்கும் என்பது மெய். ஆனால் ஏழு தரம் மிதித்தது எத்தனால் இல்லை.

இப்படி ஆனால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும்; தகடு திறந்து, காற்று உள்ளே போகும். அல்லது கொஞ்ச நேரம் வண்டியை அதன்பாட்டுக்கு விட வேண்டும். இரண்டையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க பைக்தானே ஓட்டறீங்க?" என்றார்.

போன ஜனவரியில் ஒருநாள் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது சிகாகோவிலிருந்து மகள் போன். அங்கே முன்தின ராத்திரி. ஒரு கால் காருக்குள், ஒரு கால் வெளியே என்று உட்கார்ந்து பேரனின் பல், மாப்பிள்ளையின் விசா, அங்கத்திய பனி எல்லாம் பேசி முடிக்க இருபது நிமிஷம். அதற்குள் தேங்கிய பெட்ரோல் உலர்ந்திருக்கும். போனை வைத்துவிட்டு யோசனையாகச் சாவியைத் திருப்பினார். கொஞ்சம் கரும்புகை கக்கிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது.

ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "தட்டினேன் பாத்தீங்களா, அதான்!"

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறைத்திருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டாவது மிதிக்கே சிகாகோவுக்குப் போன் போடுகிறார். ஸ்பீக்கரில் மகள் குரல் எனக்கே கேட்கிறது. ஹலோ கூடக் கிடையாது.

"என்னப்பா, கிளம்பலையா?"