தெருவுக்கு ஒரு சக்கரத்தாழ்வார்

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், பார்க்காமல் இருக்க முடியுமா? அந்தப் பக்கத்தில் ஒருவர் மட்டும் குனிந்தபடி, நிறுத்தியிருக்கிற கார்களின் சக்கரங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் பயப்படாதீர்கள், டயர் திருடன் இல்லை. அலாய் வீல் வைத்த காருக்குச் சொந்தக்காரர். தமக்கு விழுந்த கீறல் ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு விழுந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறார். யாருடைய ரிம்மிலாவது தம்முடையதைவிட நீளமான கோடு தென்பட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

கோயிலுக்குள் சக்கரத்தாழ்வார் சந்நிதி ஒன்றுதான். வெளியே அடையவளஞ்சான், சித்திரை, உத்திரை என்று எந்த வீதிக்குப் போனாலும் ஒரு சக்கரத்தாழ்வார் சேவை சாதிக்கிறார். வயது அறுபதுக்கு மேல். திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். அதுவும் தரப் பரிசோதனைப் பிரிவு என்றால் கேட்கவே வேண்டாம். பாய்லர் குழாய் வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசலைத் தேடியே பழகிய கண். ரிட்டையர் ஆனபின் அதற்கும் ஒரு வேலை வேண்டுமே! கையில் பணம் வந்ததும் கார் வாங்கினார். பேஸ் மாடல் போதும் என்று பிள்ளை சொல்லியும் டாப் மாடல்தான் எடுத்தார். கேட்டால் ஏர்பேக் அதிகம் என்பார். உண்மையில் அவரை விழவைத்தது டைமண்ட் கட் அலாய்.

"மூக்குத்திக்கு வைரம் கேட்டா விலை ஏறிடுத்துன்னார். டயருக்கு மட்டும் நாலு டைமண்ட் போட்டிருக்கார்" என்பது அவர் வீட்டு மாமியின் வாக்குமூலம்.

தேர் ஓடுகிற வீதிகள் அகலமானவைதான். வினை, அவற்றிலிருந்து சந்துக்குள் இடது பக்கம் திரும்பும்போது வருகிறது. வளைவில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்ளே தள்ளித்தான் வரும். ஆகவே முன்சக்கரம் தப்பித்த வாசல்படிக் கல்லில் பின்சக்கரம் மாட்டிக்கொள்ளும். இது நம்மவருக்குத் தெரியாதா? தெரியும், படம் போட்டே விளக்குவார். ஆனாலும் ஸ்டியரிங் வலது பக்கம், கல் இடது பக்கம், இடது பக்கம் உட்கார்ந்திருப்பது மாமி. குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"கல்லு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொன்னேனே! நீங்க பாட்டுக்குப் பிரபந்தம் கேட்டுண்டு இருந்தேள்."

1976-ல் திறந்த காவிரிப் பாலத்தை, அதன் இணைப்புகளைச் சரிசெய்வதற்காக 2022 நவம்பரில் மூடினார்கள். அடுத்த மார்ச் வரை ஸ்ரீரங்கம் தீவே புலம்பியது. சுற்றிக்கொண்டு போவதில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் இவர். "பெட்ரோல் போனா போறது, ஜாயின்ட்ல ரிம் அடிபடாது பாருங்கோ."

கீறல் விழுந்தால் அடுத்த நாள் காலை பாலக்கரைப் பக்கம் டிங்கரிங் பட்டறை. பட்டறைக்கார பாய் குந்தி உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தைக் கீறலின் மேல் ஓட்டிப் பார்ப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷ்; மாட்டினால் பட்டி. நம்மவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஈசிஜி எடுத்தபோதுகூட அவர் இப்படி நின்றதில்லை என்று மாமி சொல்கிறாள்.

"மாட்டுது சார்."

அதன் பிறகு நடப்பதை அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முதலில் தின்னர் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைப்பு. பிறகு டயருக்கும் ரிம்முக்கும் நடுவே, பெயின்ட் ரப்பரில் படாதபடி, பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சுற்றிலும் செருகுவார்கள். கெட்டி அட்டை, நன்றாக நிற்கும். அதில் தமக்குத் தெரிந்த குடும்பம் ஏதாவது இருக்கிறதா என்று நம்மவர் படித்துக்கொண்டிருக்கும்போதே 240, 400, 800 என்று வாட்டர் பேப்பர் நம்பர் ஏறிக்கொண்டு போகும். பட்டி, மறுபடியும் தேய்ப்பு, பிரைமர், சில்வர், மேலே கிளியர் கோட். ஒரேயடியாக அடித்தால் வழிந்துவிடும் என்று பாய் மெல்லிசாகப் பல தடவை அடிப்பார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் காய்வதற்கு நேரம் வேண்டும், நம்மவர் பேசுவதற்கும்.

சண்டை வருவது சில்வரில்தான். "இது கொஞ்சம் வெளுப்பா இருக்கே பாய்?" பாய் பொறுமையாகச் சொல்வார்: டைமண்ட் கட்டின் முகப்பில் பெயின்டே கிடையாது, சீவிய அலுமினியம், அதன் மேல் கிளியர் கோட், அவ்வளவுதான். சில்வர் அடித்தால் கீறல் மறையும், அந்தப் பளபளப்பு வராது. பழையபடி வேண்டுமென்றால் சி.என்.சி. லேத்தில் ஏற்றி முகப்பை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவச் சீவ உலோகம் குறையும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது. அப்படியே விட்டால் உடைந்த கிளியர் கோட்டுக்கு அடியில் ஈரம் புகுந்து புழு ஊர்ந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு நம்மவர் கேட்பார்: "சரி பாய், இன்னொரு கோட் அடிச்சா?"

தேர் சமயத்தில் அவரைப் பார்க்க வேண்டும். தையில் உத்திரை வீதி, சித்திரையில் சித்திரை வீதி. வண்டியைத் தேருக்கு இரண்டு நாள் முன்பே திருவானைக்காவலில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். எல்லாரும் நம்பெருமாளைப் பார்த்துக் கை கூப்பும்போது இவர் கண் சக்கரத்திலும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையிலும். "இத்தனை பெரிய தேர், ஒரு வாசல்படியில இடிச்சுதா சொல்லுங்கோ!" தொடர்ந்து, திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல்தான் என்பதை நினைவுபடுத்துவார். செய்தி சரி. "நாங்க பண்ணினது" என்று அவர் சொல்வதில்தான் கொஞ்சம் இடிக்கிறது. அவர் இருந்தது வேறு பிரிவு.

"தேருக்குக் கட்டை போட எத்தனை ஆள் பாருங்கோ. இவருக்கு நான் ஒருத்திதானே" என்றாள் மாமி.

போன மாதம் பாய் அவர் காரைச் சுற்றி வந்து ஒரு கேள்வி கேட்டார். நாலு ரிம்மும் கண்ணாடி. டயர்? டயரின் பள்ளங்களுக்குள்ளே சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர் ஆழம்தான் பாக்கி, டயரை மாற்றியாக வேண்டும். நம்மவருடையது மேட்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது. விரிசல் பிடிக்கிற அந்தக் கண்ணுக்கு ரப்பர் தெரியவே இல்லை. "அடுத்த மாசம் பார்க்கலாம் பாய். இப்போ இந்தச் சில்வரை..." என்று ஆரம்பித்தார்.

கீறல் கீறலாக இருக்கும்வரை செலவு உங்கள் இஷ்டம். வண்டி அதோடும் ஓடும். ரிம் நெளிந்தாலோ, விரிசல் விட்டாலோ, காற்று அடிக்கடி இறங்கினாலோ பட்டி பூசி மறைக்காதீர்கள். கேஸ் வைத்துச் சூடு காட்டித் தட்டி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அலாய்க்குப் பதம் போய்விடும். புதிதாக வாங்குங்கள்.

இன்னொன்று. உங்கள் தெருச் சக்கரத்தாழ்வார் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உதவி செய்கிறேன் என்று இடது பக்கம் போய் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டாதீர்கள். மாமிக்குக் கிடைக்க வேண்டியது உங்களுக்குக் கிடைக்கும்.