மூஞ்சி விழாத படம்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கோயமுத்தூர்ல ஏறி மெட்ராசுல எறங்கறதுக்குள்ள நாப்பத்தேழு படம் புடிச்சிருக்கறயாமா, உங்கம்மா பெருமையாச் சொன்னா. நானும் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்தேன். நாப்பத்தேழுலயும் உன்ற மூஞ்சிதான் இருக்குது. பிளேன் எங்கடா சாமி? ஒண்ணே ஒண்ணுல உன்ற காதுக்குப் பின்னால றெக்கை கொஞ்சமா எட்டிப் பாக்குது, பந்தியில எடம் கெடைக்காத ஒறம்பரையாட்ட.

கோவிச்சுக்காத. என்ற சாடைதான உனக்கு, லட்சணத்துக்கென்ன கொறைச்சல்? ஆனா மனுசன் பறந்ததுக்கே மொத படம்னு ஒண்ணு இருக்குது, அதைப் பாத்திருக்கறயா? அமெரிக்காவுல வட கரோலினாக் கடலோரம், கில் டெவில் ஹில்ஸ்னு ஒரு மணக்காடு. 1903 டிசம்பர் 17, காலைல 10.35 மணி. சைக்கிள் கடை வெச்சிருந்த ரைட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பிளேனைத் தண்டவாளத்து மேல நிறுத்திட்டாங்க. மூணு நாளைக்கு முன்னால காசு சுண்டிப் போட்டு அண்ணன் வில்பர்தான் ஜெயிச்சாரு. ஏறுனாரு, மூணரை செகண்டுல மணல்ல குத்தவெச்சுட்டாரு. ஒடைஞ்சதைச் சரி பண்ணி, இப்பத் தம்பி ஆர்வில் மொறை.

தம்பிக்காரன் வெவரமான ஆளு. பிளேன் எந்த எடத்துல மேல கெளம்பும்னு ரோசனை பண்ணி, அங்க பாத்தாப்பல முக்காலில கேமராவை நிறுத்திட்டாரு. நிறுத்திட்டு, அதைக் குடுத்தது யாருகிட்டங்கற? கப்பல் ஒடைஞ்சா ஆளைக் காப்பாத்தற நெலையத்துல வேலை பாத்த ஜான் டேனியல்சுகிட்ட. ஒதவிக்கு வந்த மனுசன். அதுக்கு முன்னால ஒரு படம்கூடப் புடிச்சதில்ல. பழைய பஸ்சு ஹாரன்ல இருக்குமே ரப்பர் பந்து, அந்தாட்டம் ஒரு குண்டு. மிசினு மேல எந்திரிச்சா இதை அமுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிக் குப்புறப் படுத்துக்கிட்டாரு.

பிளேன் எந்திரிச்சுது. 12 செகண்டு, 120 அடி, அவ்வளவுதான் பறந்தது. நம்ம கெணத்துமேட்டுக்கும் தொண்டுபட்டிக்கும் அதை விட எச்சாத் தொலவு. டேனியல்சு வாயைப் பொளந்து பாத்துட்டு நின்னதுல, குண்டை அமுக்குனமா இல்லையான்னு அவருக்கே தெரியல. ஓஹையோ மாநிலம் டேட்டன்ல இருக்கற ஊட்டுக்குப் போயிக் கண்ணாடித் தட்டைக் கழுவிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, அமுக்கிருக்கறாருன்னு. ஒரே ஒரு தட்டு கண்ணு. சரியில்லைன்னா அழிச்சுட்டு இன்னொண்ணுங்கற சோலியெல்லாம் அன்னிக்கு ஏது? 1913ல டேட்டன்ல வெள்ளம் வந்து அந்தத் தட்டும் முழுகிப் போச்சு. மூலையில கொஞ்சம் சேதாரத்தோட மீட்டாங்க. உன்ற போனு மழையில நனைஞ்சதுக்கு அரிசிப் பானையில போட்டு மூணு நாளு பத்தியம் இருந்தயே, அதை நெனைச்சுக்கோ.

இப்ப அந்தப் படத்தைப் பாரு. ஆர்வில் படுத்திருக்கறாரு, காலுப் பக்கந்தான் தெரியுது. வில்பர் றெக்கையை உட்டுட்டு ஓரமா நிக்கறாரு, அந்த முகத்தையும் பாக்க முடியாது. அவிய வருசக்கணக்காப் பாடுபட்ட காரியம் நடக்கறப்ப எடுத்த படத்துல ரெண்டு பேரு மூஞ்சியும் இல்ல.

பொறவு 66 வருசங்கூட ஆகல, 1969 ஜூலை 20. அதே ஓஹையோ மாநிலத்துப் பையன், வாப்பகொனேட்டாக்காரரு நீல் ஆம்ஸ்ட்ராங், நெலாவுல எறங்கறாரு. கூட ஆல்ட்ரின். அவருக்குப் பஸ்சுனு பேரு, போனதென்னவோ ராக்கெட்டுல. நெஞ்சுல மாட்டற ஹாசல்பிளாட் கேமரா, கண்ணு வெச்சுப் பாக்கற ஓட்டையே அதுல கெடையாது. குத்துமதிப்பா ஒடம்பைத் திருப்பி எடுக்கோணும். ஆம்ஸ்ட்ராங் எடுத்ததுல ஒண்ணுதான் ஒலகம் பூராச் செவுத்துல தொங்குது. அதுலயும் ஆல்ட்ரின் முதுகு மூட்டைக்கு மேல நீட்டிட்டிருந்த ஏரியல் வெட்டுப்பட்டுப் போச்சு. நாசாக்காரங்க மேல கருப்பு வானத்தைச் சேத்து ஒட்டுனாங்க. நம்மூருக் கலியாணத்துல தலையை வெட்டிப் படம் புடிக்கறவனை இனிமே வையமாட்டேன்.

அந்தப் படத்துல ஆல்ட்ரின் மூஞ்சி தெரியுதா? தங்க முலாம் பூசுன கண்ணாடிதான் தெரியுது. கண்ணாடிக்குள்ள உத்துப் பாத்தா, எள்ளாட்டம் ஒரு வெள்ளை உருவம். அதுதான் கண்ணு ஆம்ஸ்ட்ராங். நெலாவுல மொதல்ல காலு வெச்ச மனுசன் அங்க நிக்கற நல்ல படம் வேணும்னு தேடுனா, அவிய எறங்குன ஓடம் ஈகிள் பக்கத்துல முதுகைக் காட்டி வேலை பாக்கறதுதான் ஆப்புடும். எடுத்த கேமராவையும் எடை கூடுதுன்னு அங்கயே போட்டுட்டு, பிலிமை மட்டும் கொண்டாந்தாங்க.

இந்த ரெண்டு படத்துக்கும் ஒறவு இருக்குது. தறி ஓட்டுன கை என்றது, அதனால எனக்கு இதுதான் எச்சாப் புடிக்கும். ரைட்டுக பிளேனு றெக்கைக்குப் போத்துனது மஸ்லின், பருத்தித் துணி. ஆம்ஸ்ட்ராங் அதுல ஒரு துண்டும், காத்தாடிக் கட்டையில ஒரு சிராவும் எடுத்துட்டுத்தான் நெலாவுக்குப் போனாரு. 2021ல செவ்வாயில பறந்த இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டர்லயும் அந்தத் துணியில ஒரு துணுக்கை வெச்சனுப்பியிருக்கறாங்க. பருத்தி எங்கெங்க போயிருக்குது பாரு, நீ என்னடான்னா பாலியெஸ்டர் போட்டுட்டு மெட்ராசு போயிட்டு வந்திருக்கற.

டேனியல்சு என்ன ஆனாருன்னு கேக்கலையே? அன்னிக்கே நாலாவது தடவை பறந்து முடிஞ்ச பொறவு காத்து பிளேனைப் பொரட்டுச்சு. மனுசன் புடிக்கப் போயி, உள்ள சிக்கி, உருண்டு எந்திரிச்சாரு. பிளேனால அடிபட்ட மொத ஆளு நானுதான்னு பொறவு பீத்திக்குவாராம். ஆர்வில் செத்தது 1948 ஜனவரி 30. டேனியல்சு அடுத்த நாளே போயிச் சேந்துட்டாரு.

என்னது, என்னோட ஒரு செல்ஃபி வேணுமா? போனை இப்படிக் குடு. அந்தச் செவலைக் கன்னுக்குட்டி கவுத்தை அவுத்துட்டு ஓடுது பாரு, ஓடிப் போயிப் புடி. நான் எடுக்கறேன். எதை அமுக்கோணும், இந்த வெள்ளை வட்டத்தையா? ஓடு, ஓடு, திரும்பிப் பாக்காத!