ஆறடிப் புல், பன்னிரண்டடிப் புல்

அப்போதெல்லாம் பந்தைக் குழிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. இப்போது குழியைத் தாண்டி ஓடிவிடாமல் அதை நிறுத்துவது பெரும்பாடு. கோல்ஃப் மட்டை மாறிவிட்டது, பந்து மாறிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அவற்றைவிடப் பெரிய மாற்றம் காலடியில், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில் நடந்திருக்கிறது.

எண்பதுகளில், பள்ளி விடுமுறை நாட்களில், சென்னையில் ஒரு மைதானத்தில் கேடியாகப் பை சுமந்தேன். கிரீனில் இருந்தது அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே இனம்தான். கோல்ஃப் உலகம் அதைப் பெர்முடா என்கிறது. தடித்த இலை, படர்ந்து ஓடும் கொடி. கையால் தள்ளும் இயந்திரத்தால் வெட்டுவார்கள். மழை பெய்த மறுநாள் பந்து பாதி தூரத்தில் மூச்சுமுட்டி நின்றுவிடும். “நல்லா அடிங்க சார், ஸ்லோவா இருக்கு” என்பதைத்தான் நாங்கள் அதிகம் சொல்லியிருப்போம்.

அந்தப் புல்லையும் வாசிக்கத் தெரிந்த ஒரு மூத்த கேடி இருந்தார். குழிக்கும் பந்துக்கும் நடுவே குனிந்து பார்ப்பார். புல் பளபளத்தால் அது நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தடைபடும். “தம்பி, எதிர்ப்புல்லுன்னு சாருக்குச் சொல்லு. குழி இன்னும் ரெண்டடி தள்ளி இருக்கிறதா நெனச்சு அடிக்கட்டும்” என்பார். அளவுகோல் எதுவும் அவர் கையில் இருந்ததில்லை.

அக்காலத்து ஆட்டக்காரர்கள் மணிக்கட்டை வெடுக்கென்று சொடுக்கி அடித்தார்கள். மெதுவான கிரீன் அதைத்தான் கேட்டது. 1959 அமெரிக்க ஓபனில், விங்டு ஃபூட் மைதானத்தில், பில்லி காஸ்பர் 72 குழிகளுக்கு 114 பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) மட்டுமே அடித்து வென்றது இந்த மணிக்கட்டுத் தட்டலால்தான். பட் அடிக்கும் மட்டையான பட்டரின் முகமும் இன்றையதைவிட அதிகம் சாய்ந்திருக்கும்; புல்லுக்குள் அமிழ்ந்த பந்தைச் சற்றே தூக்கிவிட்டால்தான் அது உருளத் தொடங்கும். இன்று தோள்கள் மட்டும் ஊசலாட, மணிக்கட்டை அசைக்காமல் பட் அடிக்கச் சொல்லித்தருகிறோம். அந்த அடியும் கிரீனைப் பார்த்துப் பிறந்ததுதான்.

வேகத்தை எண்ணால் சொல்லும் பழக்கம் எட்வர்ட் ஸ்டிம்சனிடமிருந்து வந்தது. 1935-இல் ஓக்மாண்டில் நடந்த அமெரிக்க ஓபனைப் பார்க்கப் போனவர், ஜீன் சாரஸன் அடித்த பட் கிரீனைவிட்டே உருண்டு மணற்குழியான பங்கருக்குள் விழுந்ததைக் கண்டார். இந்த வேகம் நியாயமானதா என்ற கேள்வி எழுந்தது. அதை அளக்க மரத்தில் ஒரு கோல் செய்தார். 1976-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் ஃபிராங்க் தாமஸ் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்தார். 36 அங்குல நீளம், நடுவே ஒரு பள்ளம், பந்தைத் தாங்க ஒரு வெட்டு. ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகையில் பந்து வெட்டிலிருந்து விடுபட்டு இறங்கும். சமதளத்தில் எத்தனை அடி உருள்கிறதோ அதுவே கிரீனின் எண். மூன்று பந்து ஒரு திசையில், மூன்று எதிர்த்திசையில், பிறகு சராசரி.

ஒரே மைதானத்தின் 18 கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பராமரிப்பவர் தெரிந்துகொள்ளத்தான் 1978-இல் அந்தக் கோலைக் கொடுத்தார்கள். மைதானத்தை மைதானத்தோடு ஒப்பிடுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அதற்குமுன் 1977-இல் அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 581 மைதானங்களை அளந்தபோது சராசரி ஆறரை அடிதான் வந்தது. உறுப்பினர்கள் அன்றாடம் ஆடும் கிரீன் எட்டரை அடி இருந்தாலே ‘வேகம்’ என்று பட்டியலிட்டார்கள். அமெரிக்க ஓபனுக்கே பத்தரை போதும் என்றார்கள். இன்று சாதாரண கிளப்பிலும் பத்து என்றால் முகம் சுளிக்கிறார்கள். பெரிய போட்டிகளில் 12, 13 என்று போகிறது. மிதமிஞ்சிய வேகத்தைக் கண்டு கவலைப்பட்டவர் செய்த கோல், வேகப் போட்டிக்குக் கொடிக்கம்பமாகிவிட்டது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வேகம் கூடினால் ஆட்டம் கடினமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சமதளத்தில் அது சரியல்ல. கை வேகம் ஒரே விழுக்காட்டில் தவறினால், மெதுவான கிரீனோ வேகமான கிரீனோ, தூரமும் ஒரே விழுக்காட்டில்தான் தவறும். குழியை ஓரடி தாண்டி நிற்கும்படி அடித்த பந்து, வேகமான கிரீனில் குழி விளிம்பை இன்னும் மெதுவாகவே வந்தடையும். அதனால் ஓரத்தில் வந்தாலும் உள்ளே விழும். குட்டையாக வெட்டிய புல்லில் பந்து துள்ளாமல் நேராகவும் ஓடும். நாலடி, ஐந்தடி பட்களில் இன்றைய பிள்ளைகள் எங்கள் காலத்தவரைவிட நன்றாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

சரிவில்தான் கதை மாறுகிறது. அளவுகோலிலிருந்து இறங்கும் பந்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஆறடி. நூறு அடிக்கு மூன்றடி இறங்கும் சரிவில் அதே பந்தை விட்டுப் பாருங்கள். ஆறடிக் கிரீனில் மேல்நோக்கி 5 அடி, கீழ்நோக்கி 8 அடி போகும். பன்னிரண்டடிக் கிரீனில் மேல்நோக்கி 8 அடி, கீழ்நோக்கி ஏறக்குறைய 22 அடி! பக்கவாட்டில் வளையும் அளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சரிவு நூற்றுக்கு ஏழு என்றால் பன்னிரண்டடிக் கிரீனில் பந்து தானாக நிற்கவே நிற்காது. ஆறடிக் கிரீனில் பதின்மூன்று அடியில் நின்றுவிடும். சரிவில் நீண்ட தூரத்திலிருந்து மூன்று முறை பட் அடித்துவிட்டுத் தலையில் கைவைப்பவருக்குக் கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அன்று மன்னிக்கப்பட்ட தவறை இன்று கிரீன் மன்னிப்பதில்லை.

பழைய மைதானங்களை வகுத்தவர்கள் ஆறடிப் புல்லை மனதில் வைத்தே சரிவுகளை அமைத்தார்கள். அதே சரிவில் பன்னிரண்டடி வேகத்தைக் கொண்டுவந்தால் குழி வெட்ட இடமே கிடைப்பதில்லை. பிறகு புல்டோசர் வந்து, யாரோ ரசித்து வகுத்த மேடுபள்ளங்களைச் சமமாக்குகிறது. 2004-இல் ஷின்னகாக் ஹில்ஸில் அமெரிக்க ஓபனின் கடைசி நாளன்று, ஏழாவது கிரீனில் பந்து நிற்காமல் போக, ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் காற்று பந்துகளை நகர்த்தியதால் பிரிட்டிஷ் ஓபன் பல மணி நேரம் நின்றது. அங்கே கடற்காற்று எப்போதும் வீசுவதுதான். தடித்த புல்லாக இருந்திருந்தால் பந்தைப் பிடித்து வைத்திருக்கும்.

புல்லும் இதற்கு விலை கொடுக்கிறது. முன்பு ஆறு மில்லிமீட்டர் அளவில் வெட்டினார்கள். இன்றைய குட்டை ரகங்களை மூன்று மில்லிமீட்டர், அதற்கும் கீழே வெட்டுகிறார்கள். இலை குறைந்தால் உணவு குறையும், வேர் மேலேயே தங்கிவிடும், நோய் வரும், மருந்து தெளிக்க வேண்டும். விடியும் முன்பே வந்து இயந்திரம் ஓட்டி, ரோலர் இழுத்து, மணல் தூவும் ஊழியர்களின் உழைப்பு கூடியிருக்கிறது. கிரீனின் வேக எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்களில் அவர்கள் பெயர் தெரிந்தவர்கள் சிலரே.

இப்போது சிறுவர்களுக்குப் பட் அடிக்கச் சொல்லித்தருகிறேன். வந்த முதல் நாளே “கிரீன் எவ்வளவு ஓடுது சார்?” என்று கேட்கிறார்கள். எண்ணைச் சொல்லாமல், பத்து தப்படி தூரத்துக்கு மூன்று பந்தை உருட்டிக் காட்டச் சொல்கிறேன். ஒருமுறை ஏற்றத்தில், ஒருமுறை இறக்கத்தில். அந்த ஆறு பந்தில் அன்றைய கிரீனைக் கை தெரிந்துகொள்ளும்.

கிளப் கமிட்டிகளில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் அருகம்புல் சோர்ந்து கிடக்கும் நாட்களில் கத்தியை ஒரு மில்லிமீட்டராவது உயர்த்துங்கள். பந்து இரண்டடி குறைவாக ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. பயிற்சிக் கிரீன்களில் ஒன்றை எட்டடியிலேயே விட்டுவையுங்கள். பிள்ளைகள் அங்கே அடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். வேகமான கிரீனுக்கு அடுத்த ஆண்டு போகலாம்.