கருவாட்டுக்குக் கனவுப் பலனா?

பேராண்டி, நீ கடை திறந்த சேதி காதுல விழுந்துச்சி. கடைன்னா தட்டி, தராசு, ஈ ஓட்ட ஒரு விசிறின்னு நெனச்சேன். போன்லயே கடையாமே, பலே! சிறுசேரியில ஏசி ரூம்ல உக்காந்தவன் கோவளத்துக் கருவாட்டை வெப்சைட்ல விக்கிறான்னா குப்பத்துக்கே பெருமைதான். ஆனா விளம்பரக் காசு மட்டும் போவுது, கருவாடு போவலன்னு உங்கம்மா பொலம்புறா. வலை இழுத்த கிழவனுக்கு என்னடா தெரியும்? இருந்தாலும் கேக்குறேன், கூகுள் விளம்பரத்துல எந்த வார்த்தைக்குக் காசு கட்டினே?

"கருவாடு"ன்னு ஒத்தை வார்த்தையாமே! தாராள மனசுடா உனக்கு. கருவாடுன்னு தேடுறவன் எல்லாம் வாங்க வர்றவனா? ஒருத்தி குழம்பு வைக்கிறது எப்படின்னு பாக்க வந்திருப்பா. ஒருத்தன் சமைச்ச வீட்டுல வாடை போக வழி தேடுவான். மாசமா இருக்கிற பொண்ணு சாப்பிடலாமான்னு பாக்கும். இன்னொரு பெரியவர் விடிகாலைக் கனவுல கருவாடு வந்துச்சி, என்ன பலன்னு பாக்க வருவார். இவங்க உன் விளம்பரத்தைத் தொட்டா, தொட்டதுக்கெல்லாம் உன் காசு. கனவுப் பலன் அவருக்கு எப்படியோ, உனக்குத் தனநஷ்டம். இதுக்குத்தான் கூகுள் விளம்பரத்துல நெகட்டிவ் கீவேர்டுன்னு ஒரு பெட்டி வச்சிருக்கான். எப்படி, ரெசிபி, கனவு, பலன் எல்லாத்தையும் அதுல போட்டா அந்த மாதிரி தேடலுக்கு உன் விளம்பரத்தைக் காட்ட மாட்டான். நீதான் இன்ஜினியராச்சே, உனக்குத் தெரியாததா.

அடுத்தது ஊர்ப் பெருமை. "கோவளம்"னு தனியா ஒண்ணு கட்டியிருக்கியாம். எந்தக் கோவளம்டா? திருவனந்தபுரம் பக்கத்துல ஒண்ணு, கன்னியாகுமரி பக்கத்துல ஒண்ணு, ஈசிஆர்ல நம்மது ஒண்ணு. மலையாளத்துக் கோவளத்துல ஓட்டல் ரூம் தேடுறவனுக்கு நீ வாளைக் கருவாட்டைக் காட்டினா அவன் என்ன பண்ணுவான், தலைமாட்டுல வச்சிக்கிட்டுப் படுப்பானா? சென்னைக் கோவளம்னு தேடுறவன்கூட 2021-ல நீலக்கொடி வாங்கின பீச்சைப் பாக்கவோ, அலைச்சறுக்கு பழகவோ, தர்காவுக்கோதான் வழி கேப்பான். போதாக்குறைக்கு எழுத்து வேற. 1720-கள்ல இங்க யாவாரம் பண்ண ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரன் ஒரு மாதிரி எழுதினான், 1752-ல கோட்டையைப் பிடிச்ச கிளைவோட ஆளுங்க கோவ்லாங்னு எழுதினாங்க, அந்தக் கோவ்லாங் இன்னும் போர்டுல தொங்குது. ஊர்ப் பேரை அட்ரஸ்ல போடு, பாக்கெட்டு மேல கொட்டை எழுத்துல போடு. கூகுளோட வார்த்தை ஏலத்துல மட்டும் எடுக்காதே.

உங்க ஆயா கூடை தூக்கினவ. கேளம்பாக்கம், திருப்போரூர்னு தெருத் தெருவாப் போனவ. மீனுன்னு பொதுவா ஒரு நாளும் கூவ மாட்டா. எந்தத் தெருவுல நெத்திலி போவும், எந்த வாசல்ல சென்னாக்குன்னி கேப்பாங்கன்னு தெரிஞ்சு, அந்தப் பேரைச் சொல்லிக் கூவுவா. கதவு தானா தெறக்கும். நீயும் அப்படிக் கூவு. "தலை கிள்ளின நெத்திலி கருவாடு அரை கிலோ", "தாம்பரம் கருவாடு டெலிவரி", "சென்னாக்குன்னி ஆன்லைன்". தேடுறவன் கொஞ்சப் பேருதான். ஆனா பர்ஸைக் கையில வச்சிக்கிட்டுத் தேடுறவன். ஏலத்துல கூட்டம் கம்மின்னா கேள்வி விலையும் பெரும்பாலும் கம்மிதான், கடக்கரையில பொறந்தவனுக்கு இதை நான் சொல்லணுமா?

பேரு விஷயத்துல உஷாரு. நாம மத்தின்னா நாகர்கோவில்காரன் சாளைம்பான். பக்கத்துல ரெண்டையும் எழுதி வை. கவலை மீனுக்கு மட்டும் "கவலை"ன்னு மொட்டையா காசு கட்டிடாதே, பொண்டாட்டி கோச்சிக்கிட்டுப் போனவன் எல்லாம் உன் கடை வாசல்ல நிப்பான். அப்புறம் நம்ம சனம் தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் தட்டுது. சென்னாக்குன்னியை ஆளுக்கொரு மாதிரி தட்டும். தப்பா தட்டினாலும் காசு செல்லும்டா, அந்த எழுத்தையும் சேத்துக்க.

எங்கடா வார்த்தையைத் தேடுறதுன்னு என்னைக் கேக்காதே. கீவேர்டு பிளானர் இருக்கு, எதைச் சொல்லித் தேடி உன் பக்கம் கண்ணுல பட்டுச்சுன்னு சர்ச் கன்சோல் சும்மாவே காட்டுது. அதைவிட உன் வாட்ஸப்பைத் தெற. "தம்பி, உப்பு கம்மியா இருக்கிற வஞ்சிரம் கெடைக்குமா"ன்னு ஒரு அம்மா கேட்டிருந்தா, அந்த அம்மா வாயில வந்த வார்த்தையை அப்படியே எடு. தினம் வர்ற தேடல்ல நூத்துக்குப் பதினஞ்சு இதுக்கு முன்னாடி யாருமே தேடாததுன்னு கூகுள்காரனே சொல்றான். சனம் வாய்க்கு வந்தபடி கேக்குது, நீ என்னடான்னா அகராதி பாத்து "உலர் கடல் உணவு"ன்னு எழுதி வச்சிருக்கே. எந்த வீட்டுலடா உலர் கடல் உணவுக் குழம்பு வைக்கிறாங்க?

பக்கத்தோட அடியில கருவாடு கருவாடுன்னு பொடி எழுத்துல ரொப்பி வச்சிருக்கியாமே, அதை அழி. அப்படி ரொப்புறதை கூகுள் களவாணித்தனம்னுதான் வச்சிருக்கான். உள்ளே ஒளிச்சு வைக்கிற கீவேர்டு டேக்கை ரேங்குக்குப் பாக்குறதே இல்லைன்னு 2009-லயே சொல்லிட்டான். அப்ப நீ மூக்கு ஒழுக டவுசர்ல திரிஞ்சே.

காலமும் பாரு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை, பச்சை மீன் வெலை ஏறும், கருவாட்டுப் பக்கம் கண்ணு திரும்பும். ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்துனா கருவாட்டுக் குழம்பு இல்லாமயா? காசை அங்க கொட்டு. புரட்டாசியில பெருமாள் பேரைச் சொல்லிப் பாதி ஊரு கவுச்சியைத் தொடாது, விளம்பரத்தை நிறுத்து. மிச்சமாவுற காசுல உங்க ஆயாகிட்ட கடனுக்குத் தூக்கிட்டுப் போனியே மூணு கூடை நெத்திலி, அதுக்குப் பணத்தைக் குடு.