ஆறும் எட்டும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் டீக்கடையில் 2023 மார்ச் 3 இன்னும் முடியவில்லை. அன்று பெங்களூரில் நடந்த கால்பந்து ஆட்டத்தில், தடுப்புச் சுவர் நிற்கும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீகிக்கை நடுவர் கோல் என்றார். எதிரணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தையே விட்டு வெளியேறியது. அபராதம் 4 கோடி ரூபாய். விதியில் அந்த ஃப்ரீகிக்குக்கு இடமுண்டு என்றவரின் டீயில் அன்றுமுதல் சர்க்கரை குறைவு.

2025-இல் இன்னொரு விதி வந்தது. கோல்கீப்பர் 8 வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். பழைய வரம்பு 6 வினாடிதான். அதை எண்ணிய நடுவர் அபூர்வம்.

"ஆறு எண்ணாதவர் எட்டு எண்ணுவாரா, அண்ணாச்சி?"

"கடைசி அஞ்சை மட்டும் விரல்ல காட்டினாப் போதுமாம். ஒரு கைக்கு அவ்வளவுதானே இருக்கு!"